அறுந்த வலையை எறியாத மனுசி

வீட்டுக்கு வழி கேட்டபோது கடைக்காரர் கையை நீட்டவில்லை. "நேர போங்கோ தம்பி, மூக்கு சொல்லும்," என்றார்.

சொன்னது. முல்லைத்தீவுக் கரையில் வேலை செய்கிறவனுக்கு மீன் வாடை ஒரு வாடையாகவே தெரியாது. கருவாடு காய்வது, ஐஸ் உருகி மணலில் ஓடுவது எல்லாம் எனக்குப் பழக்கம். இது வேறு. செத்த நண்டை ஈரச் சாக்கில் கட்டி, தகரக் கூரைக்குக் கீழே வைத்து, மாதக்கணக்கில் வெயில் ஏறவிட்டால் வருவது. அது மூக்கில் நிற்காது. தொண்டைக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு முள்ளியவளைக்குத் திரும்பி இரண்டு தரம் குளித்தேன். குளித்த பிறகும் இருந்தது.

நான் அப்போது ஒரு நாளிதழுக்குப் பிரதேசச் செய்தியாளர். நீரிணைக்கு அப்பாலிருந்து, தமிழ்நாட்டுக் கரைகளிலிருந்து வரும் இழுவைப் படகுகளை எங்கள் பக்கத்தில் றோலர் என்போம். இரண்டு நாட்டுக்கும் நடுவே கடலில் ஒரு கோடு இருக்கிறது. வரைபடத்தில்தான் தெரியும். றோலர் அந்தக் கோட்டைத் தாண்டி வந்து மடிவலையைத் தரையோடு இழுத்துப் போகும்போது, எங்கள் ஆட்கள் விட்டிருக்கும் வலைகளையும் சேர்த்து இழுத்துப் போகும். விடிந்ததும் மிஞ்சிய துண்டுகளோடு கரைக்கு வருவார்கள். நான் ஐந்து வரி எழுதுவேன். எட்டாம் பக்கத்தில் வரும். அன்று நான் போனதும் அப்படி ஒரு ஐந்து வரிக்குத்தான்.

வலையைப் பறிகொடுத்த அந்த அக்கா வேலிப் படலையில் நின்றார். ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியின் ஒரு காது உடைந்து நைலோன் நூலால் கட்டியிருந்தது.

"பேப்பரோ?"

"ஓம் அக்கா."

"பேனை எழுதுமோ? முதல்ல எழுதிப் பாருங்கோ. போன முறை வந்த பொடியன்ர பேனை பாதியில நிண்டு போச்சு. மிச்சத்தை மனசில வைச்சிருக்கிறன் எண்டான். பேப்பரில திகதி பிழையா வந்தது."

எழுதிக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் படலையைத் திறந்தார்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில். அதற்குள் பதினான்கு சாக்குகள், சுவரோடு வரிசையாக. ஒவ்வொரு சாக்கின் கழுத்திலும் ஐஸ்கிரீம் பெட்டி மூடி ஒன்று தொங்கியது. வெள்ளை மூடி, அதில் அழியாத மையில் நாலு வரி: திகதி, வலை விட்ட நேரம், எத்தனை பாகம் ஆழம். நாலாவது வரி எல்லா மூடியிலும் ஒன்றுதான். "அறுத்தது: றோலர்."

ஒரு சாக்கை அவிழ்த்தார். நான் ஒரு அடி பின்னால் போனேன். வலை முறுகி ஒரு கட்டியாய்க் கிடந்தது. கண்ணிகளுக்குள் நண்டுக் கால்கள், தலையில்லாத மீன் ஒன்று, கறுத்த பாசி. அடியில் ஏதோ அசைந்தது. அது என்ன என்று நான் குனிந்து பார்க்கவில்லை.

"ஏனக்கா இதைக் கழுவாமல் வைச்சிருக்கிறியள்?"

"கழுவ வேண்டாம் எண்டு சொன்னவை. முதல் முறை வலை அறுந்தபோது கடற்றொழில் கந்தோருக்குப் போனனான். இருந்தபடியே வையுங்கோ அம்மா, விசாரணைக்கு வருவம், கழுவினால் ஆதாரம் போயிடும் எண்டு சொன்னவை. நான் வைச்சிருக்கிறன்."

"எப்ப சொன்னவை?"

முதல் சாக்கின் மூடியைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில், கந்தோரில், அதாவது அந்த அரசாங்க அலுவலகத்தில், அப்படிச் சொன்ன திகதியும் எழுதப்பட்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. விசாரணைக்கு ஒருவரும் வந்திருக்கவில்லை.

அவருக்கு மூக்கு செத்துப் போய்விட்டது என்று பக்கத்து வீட்டு மனுசி சொன்னார். அதை நானும் கொஞ்ச நாள் நம்பினேன். பிறகு ஒருநாள் மத்தியானம் போனபோது அக்கா தட்டை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

"இஞ்ச இருந்து சாப்பிடேலாது தம்பி. எனக்கு சோறு தொண்டையில இறங்கிறேல்லை. ரெண்டு வருசமா அங்க போய்த்தான் சாப்பிடுறன்," என்றார்.

அவருடைய படகை ஓட்டுபவர் அந்தத் தங்கையின் கணவர். வாய் சும்மா இருக்காத மனிதர். "எங்கட அக்கான்ர வீட்டில களவெடுக்க வந்தவன் கோழியை விட்டிட்டு ஓடினவன் தம்பி. காகமும் கூரையில இருக்காது. றோலர்காரனுக்கு இந்தச் சாக்கில ஒண்டை அனுப்பினால் காணும், கோட்டுப் பக்கம் திரும்பியும் பாரான்," என்பார். அக்கா சிரிக்கமாட்டார். "அனுப்பினால் இஞ்ச ஒண்டு குறையும்," என்பார்.

அயலவர்கள் முறைப்பாடு செய்து ஒருமுறை சுகாதாரப் பரிசோதகர் வந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி, எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னார். அக்கா ஒரு கதிரையைக் கொண்டுவந்து கொட்டில் வாசலில் போட்டு, "இருங்கோ சேர்," என்றார். அவர் இருக்கவில்லை.

"கடற்றொழில் கந்தோர் வைக்கச் சொன்னது. நீங்கள் எரிக்கச் சொல்லுறியள். ரெண்டு கந்தோரும் ஒண்டாக் கதைச்சு ஒரு துண்டில எழுதித் தாங்கோ. இண்டைக்கே எரிக்கிறன். நெருப்புப் பெட்டியும் நானே வாங்குறன்."

பரிசோதகர் குறிப்புப் புத்தகத்தை மூடிக்கொண்டு போனார். துண்டு வரவில்லை.

எழுத்து. அக்கா கேட்டதெல்லாம் அதுதான். நட்டஈடு தருவார்கள் என்று மீனவர் சங்கத்தில் யாராவது கதைத்தால் அவர் அந்தப் பக்கம் திரும்பமாட்டார். "உங்கட வலையை றோலர் அறுத்தது உண்மைதான் எண்டு ஒரு கந்தோர் எழுதி, கையெழுத்து வைச்சு, எனக்குத் தரோணும். அவ்வளவுதான்," என்பார். அதை எதற்கு என்று கேட்டேன். சாக்கு ஒன்றின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டுச் சொன்னார்.

"சண்டை முடிஞ்ச பிறகு, காணாமல் போன என்ர மனுசனைத் தேடி விசாரணைக்குப் போனனான். அங்க ஒரு ஐயா ஆதாரம் இருக்கோ அம்மா எண்டு கேட்டவர். ஒண்டும் இருக்கேல்லை. அடையாள அட்டைக் கொப்பியும் இல்லை, படமும் இல்லை, எல்லாம் ஓடிவரேக்க விட்டது. அப்ப இப்பிடி ஒரு ஆள் இருந்தது எப்பிடித் தெரியும் எண்டு கேட்டவர். மரியாதையாத்தான் கேட்டவர். அண்டையில இருந்து நான் ஒண்டையும் எறியிறேல்லை."

அந்தக் கதையை அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு தரம்.

என் செய்திகளை அவர் வெட்டி வைப்பார். பிழை இருந்தால் அடுத்த முறை முகத்துக்கு நேரே வரும். "எட்டுப் பாகம் எண்டு போட்டிருக்கிறியள். நான் சொன்னது ஒன்பது." "ஒரு மீனவப் பெண் எண்டு எழுதியிருக்கிறியள். நான் மீன்பிடிக்கப் போறேல்லை. படகுக்காரி எண்டு எழுதுங்கோ." என் ஆசிரியர்கள் எவரும் என்னை இவ்வளவு திருத்தவில்லை. அவரைப் பார்க்கப் போகும்போது குறிப்புகளை இரண்டு தரம் சரிபார்க்கத் தொடங்கினேன். சொன்னால் வெட்கம், அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

கொழும்பிலிருந்து அதிகாரி ஒருவர் வந்த கூட்டம் நினைவிருக்கிறது. சங்கக் கட்டடத்தில் நடந்தது. பக்கத்து நாட்டுப் படகுகளுக்கு வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும் அனுமதிப்பத்திரம் கொடுத்தால் பிரச்சினை ஒழுங்குக்குள் வரலாம் என்று ஒரு யோசனை இருப்பதாகவும், அதைப் பற்றி மீனவர்களின் கருத்தை அறிய வந்திருப்பதாகவும் அவர் சொன்னார். ஆண்கள் கத்தினார்கள். சத்தம் அடங்கியதும் அக்கா எழும்பினார்.

"ஐயா, இப்ப அவையள் களவா வாறவை. வலை அறுந்தால் கள்ளன் அறுத்தவன் எண்டு நாங்கள் சொல்லலாம். நீங்கள் அனுமதி குடுத்த பிறகு அறுத்தால் யார் அறுத்தது எண்டு சொல்லுறது?"

அதிகாரி சிரித்தார். "நல்ல கேள்வி அம்மா."

"நல்ல கேள்வி எண்டால் எழுதுங்கோவன்."

அவர் எழுதவில்லை. அக்கா ஒரு மூடியைக் கொண்டுவந்திருந்தார், பார்க்கச் சொல்லி மேசைக்கு அனுப்பினார். அதிகாரி அதை இரண்டு விரலால் பிடித்து, வாசித்து, உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, பையிலிருந்து சின்னப் போத்தல் ஒன்றை எடுத்துக் கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டார். மருந்து வாசம் மண்டபம் முழுக்கப் பரவியது. நான் எழும்பி ஜன்னலோரம் போய் நின்றேன். கொட்டிலில் நான் பின்னால் போனது ஒரு அடிதான்.

அனுமதிப்பத்திரம் என்றால் அக்காவுக்கு விளையாட்டல்ல. எங்கள் கடலில் தொழில் செய்யும் ஒவ்வொரு படகுக்கும் அது வேண்டும், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். மற்றவர்கள் பத்திரம் முடிந்த பிறகு ஓடுவார்கள். அவர் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே விண்ணப்பத்தைக் கொடுத்து, கொடுத்ததற்குத் துண்டு வாங்கிவிடுவார். கொடுத்தபின் கடற்றொழில் கந்தோரின் பரிசோதகர் வந்து படகைப் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் பத்திரம்.

அந்த வருடமும் அப்படித்தான் கொடுத்தார். படகைக் கரையில் ஏற்றிக் கழுவி, இலக்கத்துக்குப் புது வர்ணம் அடித்து வைத்திருந்தார். பரிசோதகர் அடுத்த கிழமை என்றார். அடுத்த கிழமை வேறு கூட்டம் என்றார். அதற்குள் பழைய பத்திரம் முடிந்தது. அக்கா படகை அனுப்பவில்லை. நாலு நாள் படகு மணலில் கிடந்தது. இரண்டு வீட்டுக்கும் அந்த ஒரு படகுதான் அடுப்பு. ஐந்தாம் நாள் தங்கையின் கணவர் என் முன்னால்தான் பரிசோதகருக்குத் தொலைபேசி எடுத்து, அக்காவின் கையில் கொடுத்தார். மறுபக்கக் குரல் எனக்கும் கேட்டது.

"விண்ணப்பம் குடுத்த துண்டு கையில இருக்குத்தானே அம்மா? அதை வைச்சுக்கொண்டு போகச் சொல்லுங்கோ. ஒருத்தரும் பிடிக்கமாட்டினம்."

"அதை எழுதித் தருவியளோ?"

"எல்லாத்துக்கும் எழுத்தோ? என்ர சொல்லில நம்பிக்கை இல்லையோ?" அவர் சிரிப்பதும் கேட்டது.

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டுப் படகைப் பார்த்தபடி நின்றார். தங்கையின் கணவர், "அக்கா, ஆள் தன்ர வாயாலதானே சொல்லுறார். இனி கடவுளிட்டயும் கையெழுத்துக் கேப்பியளோ?" என்றார்.

"சரி, போ," என்றார் அக்கா. எழுத்தில்லாமல் அவர் ஒரு சொல்லை ஏற்றுக்கொண்டதை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

பரிசோதகர் வந்து படகைப் பார்த்து, புதுப் பத்திரம் கைக்கு வர மேலும் ஒரு கிழமை ஆனது. பழையது முடிந்ததிலிருந்து மொத்தம் பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளில் ஒரு செவ்வாய்க்கிழமை விடிய, தங்கையின் கணவர் பாதி வலையோடு கரைக்கு வந்தார். பதினெட்டாவது சாக்கு. நான் வழமைபோல ஐந்து வரி எழுதினேன். திகதி சரி, ஆழம் சரி.

அடுத்து நடந்தது யாரும் எதிர்பாராதது. இரண்டு மாதம் கழித்துக் கடற்படை ஒரு றோலரைப் பிடித்து எங்கள் கரைக்குக் கொண்டுவந்தது. அதன் மேல்தளத்தில் குவிந்திருந்த வலைகளை இறங்குதுறையில் கொட்டினார்கள். பார்க்கப் போன தங்கையின் கணவர் ஓடிவந்து அக்காவைக் கூட்டிப் போனார். நானும் போனேன்.

எங்கள் கரையில் ஒவ்வொரு வலைக்காரருக்கும் ஒரு குறி உண்டு. வலையின் மிதவையில் கத்தியால் வெட்டுவார்கள். புயலில் வலைகள் ஒன்றோடொன்று சிக்கினால் யாருடையது என்று பார்த்துப் பிரிப்பதற்கு. அக்காவின் குறி மூன்று வெட்டும், சூடாக்கிய ஆணியால் சுட்ட ஓர் ஓட்டையும். அந்தக் குவியலில் அப்படிக் குறியிட்ட ஆறு மிதவைகள் இருந்தன. அவற்றோடு அறுந்த கயிறு. பதினெட்டாவது சாக்கில் இருந்த மறுமுனையைக் கொண்டுவந்து பொருத்தினார். பொருந்தியது. ஒரே பச்சைக் கயிறு, ஒரே முடிச்சு.

பிடிபட்டவர்களைச் சுவரோரம் குந்த வைத்திருந்தார்கள். கூலிக்கு வந்தவர்கள். காலில் செருப்பில்லை. அவர்களில் வயதான ஒருவர் அக்காவின் கையிலிருந்த மிதவையைப் பார்த்துவிட்டுத் தானாகவே பேசினார்.

"அது எங்க மடியில மாட்டிக்கிட்டு வந்ததும்மா. வேணும்னு அறுக்கல. இருட்டுல தெரியல. ரெண்டு மாசத்துக்கு முந்தி."

"என்ன கிழமை?"

அவர் யோசித்தார். "திங்கக்கிழமை கெளம்பினோம். செவ்வாய் விடியறதுக்குள்ள இருக்கும்."

அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். மூன்று வருடத்தில் முதல்முறையாக ஒருவர் ஓம் என்று சொல்லியிருந்தார்.

"இதை எழுதித் தருவியளோ ஐயா?"

அந்த மனிதர் தன் கைகளைப் பார்த்தார். காவலுக்கு நின்றவன் அக்காவைப் போகச் சொன்னான்.

அக்கா மிதவைகளையும் கயிற்றையும் காட்டி எழுதிக் கொடுத்த முறைப்பாட்டால் விசாரணை கடைசியில் வந்தது. கடற்றொழில் கந்தோரின் மேல்மாடியில், கண்ணாடி போட்ட மேசை ஒன்றின் முன்னால் வந்தது. நடுவில் மேலதிகாரி. அவருக்கு வலது பக்கத்தில் அந்தப் பரிசோதகர். இந்தப் பக்கம் அக்கா, தங்கையின் கணவர், சங்கத் தலைவர். நான் சுவரோரம், செய்திக்கு. பதினெட்டுச் சாக்கையும் அக்கா உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். கந்தோர் வாசலில் அவற்றை இறக்கியபோது கீழ்மாடியில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

"இவ்வளவும் தேவையில்லை அம்மா, கடைசிச் சாக்கின்ர மூடி மட்டும் காணும்," என்றார் மேலதிகாரி. மூன்று வருடத்துக்கு முன் இருந்தபடியே வைக்கச் சொன்ன கந்தோர் அது.

மூடி மேசைக்கு வந்தது. பக்கத்தில் என் ஐந்து வரி, அக்கா வெட்டி மட்டையில் ஒட்டியது. ஆறு மிதவைகள், பொருந்திய கயிறு. மேலதிகாரி மூடியையும் என் செய்தியையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று வைத்துப் பார்த்தார். கெட்டிக்கார மனிதர். கவனமாகப் பார்த்தார்.

"திகதி ரெண்டிலயும் ஒண்டுதான். நல்லாப் பதிஞ்சு வைச்சிருக்கிறியள்." பிறகு படகின் பதிவுக் கோவையைப் புரட்டினார். "அண்டைக்கு உங்கட படகுக்கு அனுமதிப்பத்திரம் இருந்ததோ அம்மா?"

நான் என் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தேன். பதினொரு நாள் கணக்கு எனக்குத் தெரியும். அந்தத் தொலைபேசி எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றவன். இரண்டையும் ஒன்றாகப் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

"விண்ணப்பம் குடுத்த துண்டு இருந்தது. துண்டோட போகச் சொல்லி இவர்தான் சொன்னவர்," என்று அக்கா பரிசோதகரைக் காட்டினார்.

பரிசோதகர் மின்விசிறியைப் பார்த்தார். "அப்பிடிச் சொன்ன ஞாபகம் இல்லை சேர். எத்தினையோ பேர் கதைக்கினம்."

"எழுத்தில ஏதும் இருக்கோ அம்மா?" என்று மேலதிகாரி கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

நான் எழும்பி, அந்தத் தொலைபேசிப் பேச்சை நான் கேட்டேன் என்றேன். "நீங்கள் செய்தியாளர். சாட்சிக்கு வந்தவர் இல்லை. இருங்கோ," என்றார். இருந்தேன். அன்று செய்ததில் எனக்கு இன்றைக்கும் அருவருப்புத் தருவது அப்படி உடனே உட்கார்ந்ததுதான்.

சங்கத் தலைவர் அக்காவின் காதுப் பக்கம் சாய்ந்தார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "பிள்ளை, மூடியில திகதி மாறி எழுதுபட்டுது எண்டு சொல்லு. ஒரு கிழமை பிந்தி எண்டு சொல்லு. பேப்பர் பிழைவிடும்தானே. படகு தப்பும்."

மேலதிகாரி கேட்காதவர்போல் கோவையைப் புரட்டினார். அவரும் அந்தப் பதிலுக்குத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். அது எல்லோருக்கும் வசதியான பதில். தங்கையின் கணவர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டு அடுப்பும் அந்தப் படகுதான்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துவாயில் துடைத்துப் போட்டுக்கொண்டார். மூடியை எடுத்து வாசித்தார், தனக்குத் தெரியாத ஏதோ எழுதியிருப்பது போல.

"திகதி சரி ஐயா," என்றார். "இது பிழையெண்டால் மற்றப் பதினேழும் பிழையெண்டாகும்."

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் ஒழுங்காக, விதிப்படி நடந்தது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொழில் செய்ததற்காக அக்காவின் மேல் வழக்கு. படகைக் கரையில் நிறுத்தி முத்திரை வைத்தார்கள். அந்தப் பருவம் முழுக்க அது கடலுக்குப் போகக்கூடாது. அனுமதியில்லாத படகின் வலை கடலில் இருந்திருக்கவே கூடாது, ஆகவே அது அறுந்ததைப் பற்றிய முறைப்பாட்டை ஏற்க முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். கையெழுத்து இருந்தது, முத்திரையும் இருந்தது. அவர் கேட்ட எழுத்து அப்படித்தான் அவர் கைக்கு வந்தது. றோலர்க்காரர்களை இரண்டு அரசாங்கங்களும் கதைத்து ஊருக்கு அனுப்பின. அந்த றோலரிலும் ஓர் அனுமதிப்பத்திரம் இருந்ததாக மேலதிகாரி விசாரணை முடிந்தபின் என்னிடம் பேச்சுவாக்கில் சொன்னார். தமிழ்நாட்டுக் கரையில் கொடுத்தது. திகதி முடியாதது. அந்தச் செவ்வாய்க்கிழமை கடலில் இருந்த அந்த இரண்டு படகுகளில் செல்லுபடியான பத்திரம் இருந்தது அதில்தான்.

இதை எழுதி அனுப்பினேன். பத்திரிகையில் வந்தது "அனுமதியின்றி மீன்பிடி: பெண்ணுக்கு எதிராக வழக்கு". ஐந்து வரி, எட்டாம் பக்கம்.

அக்கா இப்போது வவுனியாவில், நெளுக்குளத்தில் ஓர் உறவினர் வீட்டில் இருக்கிறார் என்று கேள்வி. கடல் அங்கிருந்து வெகுதூரம். படகை விற்றார். அவர் ஊரை விட்டுப் போன அதே கிழமையில், கொட்டிலுக்குத் திரும்பி வந்திருந்த சாக்குகளை அயலவர்கள் வெளியே இழுத்து எரித்தார்களாம். நைலோன் எரிந்த கறுத்த புகை பஸ் தரிப்பிடம் வரை வந்தது என்று கடைக்காரர் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வழியில் காற்று நல்லாய் இருக்கிறது என்றும் சொன்னார். நான் போய் மூச்சிழுத்துப் பார்த்தேன். உண்மைதான்.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது படகுக்கு முத்திரை வைத்த மறுநாள் காலை. முத்திரைக் கயிற்றுக்குப் பக்கத்தில், படகின் மூக்கில், ஒரு வெள்ளை மூடியைக் கட்டிக்கொண்டிருந்தார். புது மூடி. நான் வந்ததைக் கண்டும் முடிச்சை முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

வாசித்தேன். திகதி, நேரம். ஆழத்துக்குரிய வரியில் "கரை" என்று இருந்தது. நாலாவது வரி: "அறுத்தது: கந்தோர்."

வேறு ஒன்றும் இல்லை. பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். வெறுமை.

"அறுத்தது எண்டு என்ர பேப்பரையும் ஏனக்கா எழுதேல்லை? அதில வந்த திகதியை வைச்சுத்தானே உங்களைப் பிடிச்சவை."

அக்கா மூடியை நேராக்கி, காற்றில் புரளாதபடி இன்னொரு முடிச்சுப் போட்டார்.

"உங்களில என்ன பிழை தம்பி," என்றார். "நீங்கள் திகதி சரியாத்தானே போட்டனியள்."